ஆறு போட்ட படமும் என் கம்பளித் தொப்பியும்

எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு தட்டு இருக்கிறது. கையுறைகள், கழுத்துச் சால்வைகள், குடை எல்லாம் அதில்தான் கிடக்கும். அதன் மூலையில், மற்றச் சாமான்களோடு சேராமல், மண்ணிறக் கம்பளித் தொப்பி ஒன்று பல வருடங்களாக இருக்கிறது. இரண்டு பக்கமும் காதை மூடும் மடிப்பு வைத்த தொப்பி. இந்த நோர்வே நாட்டுக்கு வந்த புதிதில் நான் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்றபோது, கூட வேலை செய்த ஒருவரின் மனைவி என் தலையை நூலால் அளந்து பின்னித் தந்தது. இன்றைக்கு அது என் தலைக்குக் கொள்ளாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அளவாக இருக்கும். அது சுருங்கிய கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் சொல்ல வேண்டியது, அந்தத் தொப்பி ஒரு படத்தில் நடித்திருக்கிறது, நல்ல பெயரும் எடுத்திருக்கிறது. எனக்கு அந்தப் படம் பிடிக்காது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் "அதுவா, அருமையான படமாயிற்றே" என்று தொடங்கிவிடுவீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

படம் வந்தது இரண்டாயிரங்களின் நடுவில். நாங்கள் அப்போதும் வெஸ்ட்லியில், ஐந்தாம் இலக்க மெட்ரோ போய் முடியும் இடத்தில், ஒன்பதாவது மாடியில் இருந்தோம். நான் பாண் தொழிற்சாலையில் வேலை செய்தேன். மனைவி பக்கத்துப் பாலர் பாடசாலையில் வேலை செய்தாள். மகள் உயர்நிலை வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கும் மண்டபத்தின் சுவரில் ஒருநாள் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. நோர்வேஜிய இயக்குநர் ஒருவர் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றிப் படம் எடுக்கிறார், நடிக்க நடுத்தர வயது ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் வேண்டும், அனுபவம் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். அனுபவம் தேவையில்லை என்ற வரியை வாசித்து நான் சிரித்தேன். அந்த மண்டபத்தில் நாடகம் என்றால் ராசா வேடம் எனக்குத்தான். நான் மேடையில் ஒருமுறை கோபப்பட்டால் பின்வரிசைக் குழந்தைகள் அழும். ஆண் பாத்திரம் எனக்கென்றே எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு போனது துணைக்குத்தான், ரயிலில் பேச்சுத் துணைக்கு.

இயக்குநர் தலைமயிரைக் கட்டையாக வெட்டிய, மெதுவாகப் பேசுகிற பெண். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், வசனம் ஒன்றும் வேண்டாம் என்றார். நான் வந்தேன். வாசலில் நின்று பெருமூச்சு விட்டேன். நெற்றியைத் துடைத்தேன். சப்பாத்தின் ஒரு கயிற்றை அவிழ்த்துவிட்டு, அகதி வாழ்வின் துயரம் முழுவதையும் கண்ணில் கொண்டுவந்து முகட்டைப் பார்த்தேன். "கொஞ்சம் குறைவாக" என்றார். குறைத்துச் செய்தேன். "இன்னும் குறைவாக" என்றார். மூன்றாம் முறையும் அதையே சொன்னபோது, இவருக்கு நடிப்பு என்றால் என்னவென்று தெரியாது என்று முடிவு கட்டினேன். நன்றி, அறிவிக்கிறோம் என்று கை கொடுத்தார். நான் வெளியேறும்போது, நடைபாதையில் வாங்கில் உட்கார்ந்திருந்த மனைவி எழும்பி உள்ளே எட்டிப் பார்த்தாள். என் தொப்பி அவள் கையில் இருந்தது. "காதை மூடுங்கோ, வெளியில குளிர் கொல்லுது" என்று சொல்லி, இரண்டு கையாலும் தொப்பியை என் தலையில் மாட்டி, மடிப்பைக் காதுவரை இழுத்துவிட்டு, உச்சியில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். அது அவள் வழக்கமாகச் செய்வது. இயக்குநர் எழும்பி நின்று, இவர் யார் என்று கேட்டார்.

இரண்டு வாரத்தில் தொலைபேசி வந்தது. மனைவிக்குக் கதாநாயகி வேடம். தொப்பியையும் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு, மனம் நோகக்கூடாது என்றோ என்னவோ, பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கும் ஒருவனாகச் சின்ன வேடம். கணவன் வேடம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்குப் போயிற்று. கோயம்புத்தூர்ப் பக்கம், ஒரு கம்பனியில் எஞ்சினியர், நாற்பது வயதுக்குள் காதோரம் நரைத்தவர். பெயர் சொல்லாமல் எஞ்சினியர் என்றே எழுதுகிறேன், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேச்சு. அவர் வாழ்நாளில் மேடை ஏறியதில்லை. சப்பாத்தைக் கழற்றச் சொன்னபோது கழற்றினாராம், உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தாராம். அதற்கு ஒரு வேடம்!

அவருக்கு எங்கள் தமிழ் பழக வேண்டியிருந்தது. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி புட்டு அவித்து வைத்துவிட்டு அவரைச் சமையலறை மேசையில் இருத்திப் பாடம் எடுத்தாள். "வந்தனான் எண்டு சொல்லுங்கோ." "வந்தனான்." "அப்பிடி இல்லை, சண்டைக்கு வந்த மாதிரிச் சொல்லாதேங்கோ." இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் பக்கத்து அறையில் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருப்பேன். அவர் போகும்போது என்னிடம், "அண்ணே, அக்கா செமயா சொல்லிக் குடுக்கறாங்க. எனக்குத்தான் வாயில நுழைய மாட்டேங்குது" என்பார். நல்ல மனிதர். அக்கா என்றுதான் கூப்பிட்டார். அக்கா என்று கூப்பிடுகிறவன் மேல் பொறாமை வரக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எனக்கு வந்தது. கல்யாணம் முடித்துப் பதினாறு வருடத்தில் என்னுடைய எந்தப் பகிடிக்கு அவள் அப்படிச் சிரித்தாள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு கை போதுமாக இருந்தது.

படப்பிடிப்பு குளிர்காலம் முழுவதும் நடந்தது. முடிந்த பிறகு எஞ்சினியர் தொப்பியைத் திருப்பிக் கொண்டுவந்தார். அடுத்தவர் பொருளை அழுக்காகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதைச் சலவை இயந்திரத்தில் சுடுதண்ணீரில் போட்டுத் துவைத்திருக்கிறார். நாட்டுக்கு வந்து சில வருடமே ஆன மனிதர், கம்பளிக்குச் சுடுதண்ணீர் ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பையைத் திறந்தபோது தேங்காய்ச் சிரட்டையளவில் ஒன்று வெளியே வந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, சாரிண்ணே" என்று ஏழெட்டு முறை சொன்னார். நான் பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். இனி அந்த மனிதரைப் பற்றிக் குறை சொல்ல ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தில் கணவனுக்கு வேலை போய்விடுகிறது. அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் வேலைக்குப் போவதுபோலப் புறப்பட்டு, ரயிலில் ஏறி, நகரத்தைச் சுற்றிவிட்டு மாலையில் வருகிறான். மனைவிக்கு இரண்டாம் வாரமே விஷயம் தெரிந்துவிடுகிறது. ஆனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள். ஒவ்வொரு காலையும் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, தொப்பியை மாட்டி, காதுவரை இழுத்து, உச்சியில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்புகிறாள். படம் முழுக்க இதே காட்சி ஆறேழு தடவை வருகிறது. கடைசித் தடவை, தட்டிய கை அவன் தலையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறது. அவன் அப்போதும் சொல்லவில்லை. போய்விடுகிறான். கதவு சாத்தப்படுகிறது. அவள் முகம் மட்டும் திரையில் நிற்கிறது. படம் முடிகிறது.

இந்த நாட்டுப் பத்திரிகைகள் படங்களுக்குப் பகடை போடும். விமர்சனத்துக்குப் பக்கத்தில் ஒரு பகடையின் படத்தை அச்சிட்டிருப்பார்கள். ஒன்று என்றால் குப்பை, ஆறு என்றால் அதற்கு மேல் இல்லை. எங்கள் படத்துக்கு ஆறு விழுந்தது. ஒரு பத்திரிகையில் அல்ல, ஒன்றுக்கு மேற்பட்டவற்றில். எல்லாரும் அந்தக் கடைசி முகத்தைப் பற்றி எழுதினார்கள். பாண் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நோர்வேஜியர் பத்திரிகையைக் கொண்டுவந்து, இது உன் மனைவி அல்லவா, உனக்குப் பெருமையாக இருக்குமே என்றார். பெருமையாக இருக்கிறது என்றேன். பேருந்துத் தரிப்பிடத்தில் நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. வந்தது என் முதுகு, மூன்று விநாடி. அதற்குள் யாரோ குறுக்கே நடந்து போகிறார்.

மண்டபத்தில் எங்கள் ஆட்களுக்காக ஒரு பகல் காட்சி வைத்தார்கள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஓரிரண்டு பெரியவர்கள் மட்டும் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, "என்ன இருந்தாலும் கலியாணம் கட்டின பொம்பிளை, வேற ஒருத்தனுக்குத் தொப்பி போட்டுவிடுறது..." என்று இழுத்தார்கள். எனக்கு அது பெரிய உதவியாகப் போயிற்று. என் எரிச்சலுக்குப் பண்பாடு என்று ஒரு கௌரவமான பெயர் கிடைத்தது. அன்றைக்கு நாலு பேர் முன்னால் நான் விளக்கமாக விமர்சனம் செய்தேன். படம் இழுவை என்றேன். கதையே பிழை என்றேன். "எங்கட பொம்பிளையள் விசயம் தெரிஞ்சால் பேசாமல் இருப்பினமோ? அடுத்த நிமிசம் கேட்டுப்போடுவினம். தெரிஞ்சுகொண்டு தெரியாத மாதிரி ஒருத்தி இருப்பாளோ? இது வெள்ளைக்காரர் மண்டைக்குள்ள கட்டின கதை." சொல்லிவிட்டுத் திரும்பினால் மனைவி பின்னால் தேநீர்க் கோப்பையோடு நிற்கிறாள். எனக்குக் கொண்டுவந்த தேநீர்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவள் கேட்டாள். "ஒரு இடம்கூட நல்லா இருக்கேல்லையோ?" அந்த நேரத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் அவள் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டது வேறு. "அந்தத் தொப்பிக் காட்சி நடிப்போ, உண்மையோ? எனக்குச் செய்யிறதை அந்தாளுக்கும் செய்யிறீர்." அவள் தன் சப்பாத்தைச் சுவரோரம் வைத்தாள். பிறகு, "பாலர் பாடசாலையில இருபத்திரண்டு பிள்ளையளுக்கு ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் தொப்பி போட்டு வெளியில விடுறனான். அங்கை பழகினது" என்றாள். எனக்கு மட்டும் என்று பதினாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்ததை இருபத்திரண்டு சளி மூக்குகளோடு பங்கு போட்டுவிட்டாள். அந்தப் பிள்ளைகள் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. அடுத்த நாள் காலை அவள் புதிதாக வாங்கிய தொப்பியை என் கையில் தந்தாள். தலையில் மாட்டவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் மாட்டியதில்லை.

இதுவரை எழுதியதில் சிரிக்க இடம் இருக்கிறது. இனி எழுதுவதில் இல்லை. எஞ்சினியர் மேலான பொறாமை அவர் ஊருக்குத் திரும்பியதோடு ஓய்ந்துவிட்டது. அவர் பிறகு நடிக்கவும் இல்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று அப்படியே கிடந்தது. அந்தக் கடைசி முகம். அதை நான் முகட்டைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, நெற்றியைத் துடைத்து எத்தனை வருடம் மேடையில் தேடினேன்! அவள் ஒன்றுமே செய்யாமல் சும்மா நின்று கொண்டுவந்துவிட்டாள். எனக்குப் பொறாமை எஞ்சினியர் மேல் அல்ல, என் மனைவி மேல்தான் என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கியது. விளங்கியும் திருந்தவில்லை.

ஒரு சனிக்கிழமை அவளும் மகளும் குளிர்காலச் சப்பாத்து வாங்க ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அந்த மெதுவான குரல். அடுத்த படம் எழுதி முடித்துவிட்டேன், உங்கள் மனைவியை நினைத்துத்தான் எழுதினேன், துரொண்ட்ஹெய்மில் ஆறு வாரம் படப்பிடிப்பு, அவரிடம் கேட்க வேண்டும் என்றார். நான் யோசிக்கவே இல்லை. அவளுக்கு ஒரு படமே போதும் என்றாகிவிட்டது, மேற்கொண்டு விருப்பமில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள் என்றேன். அப்படியா, நான் நேரில் கேட்டுப் பார்க்கலாமா என்றார். வேண்டாம், அவளுக்கு மறுத்துப் பேசச் சங்கடம் என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் குறைவாக, மிகவும் குறைவாக, இயல்பாக இருந்தது. இயக்குநர் முழுதாக நம்பினார். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக நடித்தது அந்த ஒரு தடவைதான்.

அவர்கள் வந்தபோது நான் பைகளை வாங்கி உள்ளே வைத்து, தேநீர் போட்டுக் கொடுத்தேன். அதுவரை அந்த வீட்டில் நான் தேநீர் போட்டதில்லை. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போட்டேன். அந்த இரண்டாம் படம் வேறொரு பெண் நடித்து வெளியானது. பகடையில் நாலு விழுந்தது. பத்திரிகையைப் பார்த்து, ரயிலில் யாரும் இல்லாத பக்கம் திரும்பி நான் சிரித்தேன். இதையும் எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பை எழுதுவதில் அர்த்தமில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் மகள் துரொண்ட்ஹெய்மிலிருந்து அழைத்தாள். இப்போது அங்கேதான் அவளுக்கு வேலையும் குடும்பமும். "அப்பா, அம்மான்ர படம் டிவியில போகுது, பாருங்கோ." போட்டேன். மனைவியும் பின்னல் வேலையோடு வந்து உட்கார்ந்தாள். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தேன். கடைசியில் கை தொப்பியில் நின்றது, கதவு சாத்தப்பட்டது, முகம் வந்தது. அந்த முகத்தில் இருந்த பெண்ணுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் கண்ணியை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு ஐம்பத்தாறு. நடுவில் இருந்த வருடங்களில் அந்த முகத்தை வேறு எங்கும் யாரும் பார்க்கவில்லை. பார்க்க விடாதவன் நான்.

சொல்லிவிட்டேன். தொலைபேசி வந்ததை, நான் என்ன சொன்னேன் என்பதை, நாலு விழுந்ததற்குச் சிரித்ததை, எல்லாவற்றையும். தொலைக்காட்சியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்னெண்டு?"

"அடுத்த வருசமே தெரியும். ஸ்ட்ரோம்மனில மின்படியில அந்த மனிசியைக் கண்டனான். ஏன் வேண்டாம் எண்டனீங்கள் எண்டு கேட்டவ. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பேந்து நீங்கள் சனிக்கிழமையில தேத்தண்ணி போடுறது ஞாபகம் வந்தது. விளங்கிச்சுது."

"அவவிட்டை என்ன சொன்னனீர்?"

"ஓம், எனக்கு விருப்பமில்லை எண்டுதான் சொன்னனான். உங்களைப் பொய்யனாக்கச் சொல்லுறீங்களோ?"

"ஏன் என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்தனான்." கண்ணியை எண்ணி முடித்து, ஊசியை மாற்றிப் பிடித்தாள். "தெரிஞ்சுகொண்டு தெரியாத மாதிரி ஒருத்தி இருப்பாளோ எண்டு அண்டைக்கு மண்டபத்தில கேட்டீங்கள். இத்தினை வருசம் இருந்தனான். இதுக்கு எத்தினை போடுவீங்கள்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். திரையில் சற்றுமுன் பார்த்த அதே முகம் இருந்தது. "ஆறு" என்றேன்.

"இழுவை இல்லையோ?" என்றாள்.

பிறகு எழும்பி, அடுப்பில் சோறு வைக்கப் போனாள். அன்றைக்குச் சனிக்கிழமை இல்லை என்றாலும் நான் போய்த் தேநீர் போட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்தாள். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை.

இன்றைக்கும் எனக்கு அந்தப் படம் பிடிக்காது. கதை பிழை என்று இனிச் சொல்ல முடியாது, அது ஒன்றுதான் மாற்றம். அடுத்த நாள் காலை நல்ல குளிர். ரயிலுக்குப் புறப்படும்போது, மேல் தட்டின் மூலையில் இருந்த பழைய தொப்பியை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் அதை வாங்கி, உள்ளே கையை விட்டு விரித்துப் பார்த்தாள், பொருந்தாது என்று தலையை அசைத்தாள், தூசியைத் தட்டித் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள். பிறகு புதுத் தொப்பியை எடுத்து, வழக்கம்போல, என் கையில் தந்தாள். நானே மாட்டினேன். காதுவரை இழுத்துவிட்டேன். மின்தூக்கியில் யாரும் இல்லை. உச்சியில் என் கையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். தன் தலையைத் தானே தட்டினால் ஒன்றும் தெரிவதில்லை.